வந்தது மகனா, பெட்டியா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருவெண்ணெய்நல்லூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், விழுப்புரம், திண்டிவனம் வரையிலும், நம் சமுதாயத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. சவூதி, குவைத், கத்தர், துபாய் என்று முதன்முறையாகச் சஃபர் சென்ற இளைஞன் ஈராண்டு கழித்து விடுமுறையில் வருகிறான். வாடகை வேன் பிடித்து உறவினர் மீனம்பாக்கம் சென்று அழைத்து வருகின்றனர். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைக் கடந்து வண்டி ஊருக்குள் நுழையும்போது, பொழுது எதுவாயினும் வாசலில் ஆட்கள் நிற்பர். அவன் குளித்து, ஒரு வாய் உண்டு, கண்ணயரும் முன்பே பெட்டியின் கயிறு அறுக்கப்படுகிறது.

கோடாலித் தைலம் யாருக்கு, ஸ்பிரே யாருக்கு, டாங் டப்பா யாருக்கு, நீடோ பால்பவுடர் யாருக்கு, கம்பளிப் போர்வை யாருக்கு என்று பங்கீடு நடக்கிறது. கிடைத்தவர் "இவ்வளவுதானா?" என்கின்றனர். கிடைக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். மூன்றாம் நாள் கைமாற்றுக் கேட்டு ஒருவர் வருகிறார். ஐந்தாம் நாள் மாடி எடுத்துக் கட்டுவது பற்றிய பேச்சு எழுகிறது. பத்தாம் நாள் தெருவில் எதிர்ப்படுவோர் அனைவரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "எப்போது திரும்புகிறாய்?"

இந்த வரவேற்பை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். இதனைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவோர் உண்டு. பெட்டியைக் கொண்டாடும் இவ்வழக்கம்தான் திரும்பி வந்தவனின் வாயை அடைக்கிறது. அவன் கடனைக் கூட்டுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கண்ணைக் கட்டி அதே வழியில் அனுப்புகிறது. எனவே இது மார்க்கம் சார்ந்த விஷயம். சமுதாயத்தின் உயிர் சார்ந்த விஷயமும் ஆகும்.

நபிவழியில் ஊர் திரும்புதல்

இஸ்லாம் பயணத்துக்கு மட்டுமின்றி, பயணத்திலிருந்து திரும்புவதற்கும் ஒழுக்கங்களை வகுத்துள்ளது. பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், சென்ற காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. விமானமும் குளிரூட்டிய அறையும் வந்துவிட்டதால் இதன் பொருள் மாறிவிடவில்லை. பகலெல்லாம் வெயிலில் நின்று, இரவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்தவனிடம் கேட்டுப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் பயணம் முடித்து மதீனா திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நீண்ட நாள் வெளியூரில் இருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. வீட்டார் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள அவகாசம் வேண்டும் என்ற கண்ணியம் அதில் இருக்கிறது. அவர்கள் திரும்பும்போது குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு அழைத்துச் செல்லப்படுவர். ஒரு சிறுவரைத் தம் முன்னும் மற்றொருவரைத் தம் பின்னும் வாகனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அந்தச் சிறுவர்கள் எதிர்பார்த்து ஓடியது அவர்களையே; அவர்கள் கொண்டுவரும் பொருளை அன்று.

இவற்றினும் மேலாக, ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட வேண்டியது. அவர்களின் தந்தை உஹதுப் போரில் ஷஹீதானார். சகோதரிகள் பலரையும் கடன் சுமையையும் இளைஞரான ஜாபிர் (ரலி) அவர்களின் தோளில் விட்டுச் சென்றார். படைப் பயணம் ஒன்றிலிருந்து மதீனா திரும்பும் வழியில் அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. கூட்டத்தின் தலைவரான நபி (ஸல்) அவர்கள் பின்தங்கிய அந்த இளைஞரைத் தேடி வந்தார்கள். என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். திருமணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். சகோதரிகளைப் பராமரிக்கத் தக்கவராக, முன்பே மணமான ஒரு பெண்ணை மணந்துகொண்டேன் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டார்கள். பின்னர் அந்த ஒட்டகத்தைத் தமக்கு விற்கும்படி கேட்டு, விலையும் பேசினார்கள். மதீனா வந்ததும் இரண்டு ரக்அத் தொழச் சொன்னார்கள். பிலால் (ரலி) அவர்களைக் கொண்டு விலையைச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் செய்தார்கள். பிறகு, விற்ற ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பயணம் முடித்து வந்த இளைஞன் இங்கே எதையும் கொடுக்கவில்லை; பெற்றுக்கொண்டான். அவனிடம் "என்ன கொண்டு வந்தாய்?" என்ற கேள்வி கேட்கப்படவில்லை, அவன் குடும்பநிலை விசாரிக்கப்பட்டது. அவன் தன்மானம் புண்படாதிருக்க, உதவியே விற்பனையின் உருவில் செய்யப்பட்டது. இந்த நபியின் உம்மத்தாகிய நாம் நம் ஜாபிர்களை எவ்வாறு வரவேற்கிறோம்?

பெட்டியின் கணக்கு

சிலர், "அவன் சம்பாதித்தான், கொண்டு வந்தான், இதில் உங்களுக்கென்ன?" என்று கேட்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒருவனின் சம்பளம் மாதம் 1,200 ரியால் என்று கொள்வோம். உணவு, கைபேசி, சில்லறைச் செலவுக்கு 300 ரியால் போனால் 900 ரியால் மிஞ்சும். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் அது 19,800 ரூபாய். இருபத்துநான்கு மாதங்களில் 4,75,200 ரூபாய்.

இப்போது செலவைப் பாருங்கள். விசாவுக்காக வாங்கிய கடன் 1,50,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், அசலை முடிவில் அடைப்பதாக வைத்து, ஈராண்டு வட்டி மட்டும் 72,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் வீதம் 2,40,000 ரூபாய். ஆக மொத்தம் 4,62,000 ரூபாய். இரண்டாண்டு வியர்வையின் மிச்சம் 13,200 ரூபாய், அதாவது 600 ரியால்.

அந்த 600 ரியாலை வைத்துக்கொண்டு ஊர் முழுவதற்கும் பெட்டி கட்ட வேண்டும். உறவினர் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டனர். 1,500 ரியாலுக்குக் குறையாது. எஞ்சிய 900 ரியாலை அறைத்தோழனிடம் கடன் வாங்குகிறான். ஒரு மாத மிச்சம் முழுவதும் ஊருக்கு வருமுன்பே போயிற்று. விசாக் கடனை அடைத்துக் கைவீசி வரவேண்டியவன், தைலப் புட்டிக்காகப் புதுக் கடனாளியாக விமானம் ஏறுகிறான்.

இங்கேதான் இன்னோர் ஆபத்தும் நுழைகிறது. அங்குள்ள ஒருவன், "இந்தச் சிறு பொட்டலத்தை எடுத்துச் செல், சென்னையில் ஒருவர் வாங்கிக்கொள்வார், டிக்கெட் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பான். இத்தகையோரைக் "குருவி" என்று ஊர் அழைக்கிறது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரையில்தான் நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரச் சலுகை உண்டு. சுங்கத்துறை பிடிப்பது பொட்டலத்தைக் கொடுத்தவனை அன்று, அதனைச் சுமந்தவனை. அடுத்தவர் சரக்கை "அமானத்" என்று பெயரிட்டுச் சுமப்பதால் அது அமானத் ஆகிவிடாது. முதல் பயணத்தில் இருக்கும் இளைஞனுக்கு இந்தச் சூது தெரியாது. அவனைச் சபலத்துக்கு ஆளாக்கிய பணத்தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்களில் பட்டியல் அனுப்பிய நாமும் அடக்கம்.

இரண்டு ஓலைகள்

நம் திருவெண்ணெய்நல்லூருக்குப் பழைய கதை ஒன்று உண்டு. மணக்கோலத்தில் இருந்த சுந்தரர் என்ற இளைஞரை, முதியவர் ஒருவர் ஓர் ஓலையைக் காட்டித் தம் அடிமை என்று உரிமை கொண்டாடினார். இவ்வூர் அவையில் வழக்காடி வென்றார் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. அது சைவப் பெருமக்களின் சமய வரலாறு; அதன் சமயப் பொருளுக்குள் நாம் செல்லவில்லை. ஓர் ஓலை ஒரு மனிதனின் வாழ்நாளைக் கட்டிவிடும் என்ற செய்தியை மட்டும் இவ்வூரார் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று வளைகுடா செல்லும் நம் பிள்ளைகளின் மீது இரண்டு ஓலைகள் எழுதப்படுகின்றன. ஒன்று அங்கே, கஃபீலின் கையில் இருப்பது. பணியாளின் விசாவையும் இகாமாவையும் ஒரே முதலாளியோடு பிணைக்கும் கஃபாலா முறை பற்றி நாம் அறிவோம். கத்தர் 2020இல் இதனைத் தளர்த்தி, முதலாளியின் சம்மதக் கடிதமின்றி வேலை மாற வழி செய்தது. சவூதியின் சீர்திருத்தம் 2021 மார்ச் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அந்தச் சவூதிச் சீர்திருத்தத்துள் சேர்க்கப்படவில்லை. நம் பகுதியினர் பலர் செல்வது இவ்வேலைகளுக்கே. நல்ல கஃபீல்கள் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக. கெட்டவனிடம் சிக்கியவனோ, சம்பளம் கேட்டால் "ஹுரூப்" போட்டு ஓடிப்போனவன் என்று அறிவித்துவிடுவானோ என்று அஞ்சியே காலம் தள்ளுகிறான்.

மற்றோர் ஓலை இங்கே எழுதப்படுகிறது. அது வட்டிக்கடைப் பத்திரம். மனைவியின் நகைக்கான அடகுச் சீட்டு. அங்குள்ள ஓலையைக் கிழிக்க நம்மால் இயலாது. இங்குள்ள ஓலையை எழுதியவர்கள் நாம். கிழிக்க வேண்டியவர்களும் நாமே. வட்டி ஹராம் என்று ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாள் மகனின் விசாவுக்காக வட்டிக்கடை வாசலில் நிற்கும் முரண்பாட்டை இன்னும் எத்தனை ஆண்டு பொறுத்துக்கொள்ளப் போகிறோம்?

உண்மையைப் பேசவிடாத வரவேற்பு

திரும்பி வந்தவன் எதைப் பேசுகிறான் என்று கவனியுங்கள். கட்டடங்களின் உயரத்தைச் சொல்வான், சாலைகளைச் சொல்வான், உம்ரா செய்த மகிழ்ச்சியைச் சொல்வான். விசாவில் ஒரு வேலையும் அங்கே வேறொரு வேலையும் இருந்ததைச் சொல்லமாட்டான். நான்கு மாதச் சம்பளம் நின்றதைச் சொல்லமாட்டான். ஏன்? பெட்டியைச் சுற்றிக் கூட்டம் அமர்ந்திருக்கும்போது எவன் தன் துயரத்தை எடுத்து வைப்பான்? தாய் பெருமையோடு பார்க்கிறாள். தங்கைக்கு வரன் பேசப்படுகிறது. "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று அவனுக்கே பெண் பார்க்கப்படுகிறது. உண்மையைச் சொன்னால் எல்லாம் கலைந்துவிடும் என்று அஞ்சி மௌனம் காக்கிறான். அவனுடைய முதல் திரும்புதலில் உருவாகும் இந்த மௌனம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது.

அந்த மௌனத்தை உண்மை என்று நம்பி, பத்தாம் வகுப்பை முடிக்காத பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கிறான். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி அரசின் அனுமதி பெற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பது தெரியாது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம் என்பது தெரியாது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருப்பதும், ஈராண்டுக்கு வெறும் 275 ரூபாய் கட்டினால் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு என்பதும் தெரியாது. இவற்றை அவனுக்குச் சொல்லத் தகுதியானவர் யார்? சென்று, பட்டு, திரும்பி வந்தவர்தாம். அவர் வாயைத்தான் நாம் ஸ்பிரே புட்டிகளால் அடைத்து வைத்திருக்கிறோம்.

இதன் விலை சில சமயம் உயிராகவும் இருக்கிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றியது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களில் எழுவர் தமிழகத்தார். அந்த எழுவரில் ஒருவர் நம் விழுப்புரம் மாவட்டத்தவர். ஜூன் 14 அன்று விமானப்படை விமானம் ஜனாஸாக்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு திரும்புதலே. நெருக்கியடித்த தங்குமிடம், பூட்டிய மாடிக்கதவு, அறையைப் பிரித்த தடுப்பு என்பன பற்றிய அச்சம் அங்கு வாழும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் உண்டு. விடுமுறையில் வரும்போது அதனை நம்மிடம் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தோமா?

நமக்கு வரவேற்கத் தெரியாமல் இல்லை. 1990 ஆகஸ்டு 2 அன்று இராக் படை குவைத்துக்குள் புகுந்தபின், அங்கிருந்த நம்மவர் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை விமானங்கள் தாயகம் கொண்டுவந்தன. உடுத்த துணியோடு வந்தவர் பலர். 2020 மே 7 முதல் வந்தே பாரத் திட்டத்தில் வந்தோரில் வேலையிழந்து, நிலுவைச் சம்பளமும் பெறாமல் வந்தவர் எத்தனையோ பேர். அப்போது எந்த வீட்டிலும் பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. "உயிரோடு வந்தாயே, அல்ஹம்துலில்லாஹ்" என்று கட்டியணைத்தோம். போரும் கொள்ளைநோயும் வந்தால்தான் நமக்கு மகன் கண்ணுக்குத் தெரிவானா?

சில வாதங்களும் நம் பதிலும்

"அன்பளிப்புக் கொடுப்பது ஸுன்னத் அல்லவா?" என்று கேட்பர். ஆம். அன்பளிப்பு அன்பை வளர்க்கும் என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் பட்டியல் போட்டு வாங்குவது அன்பளிப்பு அன்று, அது தண்டல். மனமுவந்து தாய்க்கு ஒரு புடவையும் பிள்ளைக்கு ஒரு பொம்மையும் கொண்டு வருபவனை நாம் தடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் பேச்சு வருமே என்று நடுங்கிக் கொடுப்பதில் மனவிருப்பம் எங்கே இருக்கிறது? பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் உறவினர்க்கும் ஏழைக்கும் பயணிக்கும் உரியதைக் கொடுக்கும்படி கட்டளையிட்ட உடனேயே, வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று எச்சரிக்கிறான். அவ்வசனத்தில் பயணி கொடுப்பவனாகச் சொல்லப்படவில்லை. கொடுக்கப்பட வேண்டியவனாகச் சொல்லப்பட்டிருக்கிறான்.

"நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பி ஒட்டகமோ மாடோ அறுத்து விருந்தளித்துள்ளார்களே?" என்பர். உண்மை. அது வசதிக்கு ஏற்ற விருந்து. பசித்தவர் உண்ட விருந்து. கடன் வாங்கிப் பிரியாணி போட்டு, அழைப்பு வராதவரைப் பகைத்துக்கொள்ளும் விருந்துக்கு அதனை ஆதாரமாக்கக் கூடாது.

"வெளிநாட்டுப் பணம் வராவிட்டால் நம் தெருவில் ஓட்டு வீடுகள்தாம் நின்றிருக்கும்" என்ற வாதம் வலுவானது. அதனை நாம் மறுக்கவில்லை. 2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இம்மாநிலத்தார் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கணித்தது. பெண்கள் கல்லூரி சென்றதும், நோயாளிகள் மருத்துவம் பெற்றதும், பள்ளிவாசல்கள் எழுந்ததும் அவர்கள் உழைப்பால்தான். ரிஸ்க் தேடிப் பூமியில் பரவுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. சஃபர் செல்லாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. உழைத்தவனை மனிதனாக மதியுங்கள். அவன் திரும்பி இங்கேயே வாழ விரும்பினால் அதனைத் தோல்வி என்று பழிக்காதீர்கள் என்கிறோம்.

"எப்போது திரும்புகிறாய்?" என்று கேட்போர் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியை நினைவுகூரட்டும். கணவன் படைக்குச் சென்றுவிட, தனிமையில் வருந்திய ஒரு பெண்ணின் புலம்பலை அவர்கள் இரவில் கேட்டார்கள். ஒரு மனைவி கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். அதன்படி வீரர்களுக்குக் காலவரம்பு விதித்தார்கள்; அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஓர் ஆட்சியாளர் தம் படைக்கே விதித்த வரம்பு அது. நாமோ ஈராண்டு கழித்து வந்தவனை, மனைவியோடு மனம்விட்டுப் பேசும் முன்பே வழியனுப்ப அவசரப்படுகிறோம்.

திரும்பி வரும் சகோதரிகள்

பெட்டிக்காகக் காத்திருக்கும் இதே தெரு, வீட்டு வேலைக்குச் சென்று திரும்பும் ஏழைச் சகோதரியை எப்படிப் பார்க்கிறது? கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர் என்று வேறு வழியின்றிச் சென்றவர்கள் அவர்கள். "அங்கே எப்படி இருந்தாளோ?" என்ற குத்தல் பேச்சு அவர்களுக்குப் பரிசு. ஒரு பெண்ணின் கற்பின் மீது ஆதாரமின்றிப் பழி சுமத்துவது பெரும்பாவங்களில் ஒன்று. அவர் செல்லும் நிலை வந்தபோது உதவாத ஜமாஅத்துக்கு, அவர் திரும்பியபின் தீர்ப்புச் சொல்ல அருகதை இல்லை.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாகப் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் பேசுகிறோம். முதல் சஃபர் முடித்து வந்தவன் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு எழும்போது ரசீதுப் புத்தகத்தோடு அவன் முன் நிற்காதீர்கள். மினாரா காத்திருக்கலாம், கடன் காத்திருப்பதில்லை. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. அவர்களில் கடனாளியும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. கையில் இருப்பது கடனுக்குப் போதாத நிலையில் திரும்பிய இளைஞன் ஜகாத் வாங்கும் தகுதியுடையவனாக இருக்கக்கூடும். அவனிடம் நன்கொடை கேட்பது எவ்வளவு பெரிய தலைகீழ் நியாயம்!

ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் நிதி அமையட்டும். சஃபர் செல்லும் பிள்ளையின் பெற்றோர் வட்டிக்கடைக்குச் செல்லுமுன் அங்கே வரட்டும். விடுமுறையில் வந்தவர்களை மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் அமரவைத்து, அடுத்துச் செல்லவிருக்கும் பிள்ளைகளிடம் உள்ளது உள்ளபடி பேசச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட, இ-மைக்ரேட்டில் முகவர் பெயரைச் சரிபார்க்க, நின்றுபோன சம்பளத்துக்கு மத்திய அரசின் மதத் இணையதளத்தில் முறையிட, மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுக, படித்த இளைஞர் இருவரை ஜமாஅத் நியமித்தாலே போதும். பெரும் பொருட்செலவு இதற்குத் தேவையில்லை.

தாய்மார்களே! உங்கள் மகன் வரும் நாளில் உறவினரிடம் துணிந்து சொல்லுங்கள்: "அவன் களைத்து வந்திருக்கிறான், துஆச் செய்யுங்கள், பெட்டியில் உங்களுக்கு ஒன்றும் இல்லை." ஒரு வீடு தொடங்கினால் அடுத்த வீட்டுக்கு அது துணிவாகும். அவன் உண்டு உறங்கி எழுந்தபின் அருகமர்ந்து கேளுங்கள்: "அங்கே உன்னை எப்படி நடத்தினார்கள்? கடன் இன்னும் எவ்வளவு? மீண்டும் செல்ல உனக்கு மனம் இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் அவன் அச்சமின்றிப் பதில் சொல்லக்கூடிய வீடுதான் அவன் திரும்பி வந்த வீடு.

சஃபரில் இருக்கும் நம் சகோதர சகோதரிகள் அனைவரையும் வல்ல ரஹ்மான் நலமோடு தத்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக! அவர்களின் கடன்களை இலகுவாக்குவானாக! வருபவரை நபிவழியில் வரவேற்கும் பண்பையும், வட்டியை விட்டு விலகும் உறுதியையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.